வளைவறிந்து கருவி கொள்க

தமிழிலே கோடு என்னுஞ் சொல் பல பொருள் குறிக்கும். வளைவு என்பது அவற்றுள் ஒன்று. மரத்தின் கொம்பும், விலங்கின் கொம்பும், யாழின் வளைந்த தண்டும் அப்பெயராலேயே வழங்கும். கோடுதல் வளைதல், கோட்டம் வளைவு. நேராய் நிற்பதனைச் செம்மை என்று போற்றிய நம் முன்னோர், நடுவுநிலை தவறியவனைக் கோடினான் என்று கூறினர். ஆயினும் கோடியன யாவுந் தீயன அல்ல. நேரான அம்பு கொடுமை செய்வதனையும் வளைந்த யாழ் இன்பந் தருவதனையும் வள்ளுவர் ஒருங்குவைத்துக் காட்டியதைக் கற்றோர் அறிவர். வளைவினுள்ளும் ஒரு செம்மை உண்டு. அதனைக் கண்டு, கெடாமற் காத்து முடிப்பதே மரவினையின் அரிய பகுதியாகும்.

நேரான பலகையை ஒப்பஞ் செய்தல் எளிது. சீவுளியால் இழைத்துத் தாளால் தேய்த்தால் வேலை முடிந்தது. நாற்காலியின் கை, தொட்டிலின் ஓரம், வட்ட மேசையின் விளிம்பு, வீணையின் குடம் ஆகியன அத்தகையன அல்ல. வாளால் அறுத்து உளியால் செதுக்கிய வளைவு அழகாய் நிற்கும். தேய்க்கப் புகுந்ததும் அவ்வழகு சிதையும். ஓரிடம் பள்ளமாகும்; ஓரிடம் தட்டையாகும்; கூராய் நிற்கவேண்டிய ஓரம் மழுங்கும். கையிலே கூடுதலாய் உள்ளதைக் குறைக்கலாம்; குறைந்துபோனதைக் கூட்ட ஒருவராலும் ஆகாது. பல்லாண்டு வளர்ந்த முதிரையும் பலாவும் அரைமணி நேரத்துத் தேய்ப்பிலே பழுதுபடுவது சிறிய இழப்பன்று. தொழில் தொடங்கும் இளைஞர் பலர் இதற்குத் தீர்வு விலைமிக்க ஒரு பொறியை வாங்குவதே என்று கருதி, கடன்பட்டும் அதனை வாங்குகின்றனர். பொறி நல்லதே. ஆயின் எந்த வளைவுக்கு எது என்னும் அறிவு அதற்கு முன்னே வருதல் வேண்டும். அவ்வறிவு பெறுதற்குப் பணம் வேண்டியதில்லை. கண்ணுங் கையும் போதும்.

தாளுக்கு வடிவம் இல்லை

நாம் அரத்தாள் என்பதனைத் தமிழகத்தார் உப்புத்தாள் என்பர். தாளிலோ துணியிலோ கூரிய மணிகளைப் பசையால் ஒட்டியது அது. அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தவரான ஐசாக் பிஷர் என்பார் 1834 ஆம் ஆண்டிலே இத்தகைய தாளுக்குக் காப்புரிமை பெற்றார். எட்வேட் அச்சிசன் என்னும் மற்றோர் அமெரிக்கர், மின் உலையிலே மணலையுங் கரியையுஞ் சேர்த்துக் காபொரண்டம் என்னும் மிகக் கடிய மணியை ஆக்கி, 1893 இல் அதற்கு உரிமை பெற்றார். அதன்பின் இயற்கை மணிகளோடு செயற்கை மணிகளும் தாளிலே ஏறின.

தாள் தோன்றுமுன் தேய்ப்பு இல்லையோ எனின், இருந்தது. கடற்கரை நாடுகளிலே சுறாத்தோலும் திருக்கைத்தோலும் மரந் தேய்க்க உதவின. நம் நாட்டிலுந் தமிழகத்திலும் வளரும் பராய் மரத்தின் இலை சொரசொரப்பு மிக்கது. மரத்தையும் தந்தத்தையும் மெருகிடுதற்கு அதனைப் பயன்படுத்தினர். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள திருப்பராய்த்துறை இம்மரத்தாற் பெயர்பெற்ற தலமாகும்; அங்கே தலமரமும் அதுவே.

அவ்விலையைக் கையிலெடுத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இலை தானாக ஒன்றையுந் தட்டையாக்க வல்லதன்று; விரல் எப்படி அழுத்துகின்றதோ அப்படியே அது வளையும். அரத்தாளும் அத்தன்மையதே. தாளுக்குத் தனக்கென ஒரு வடிவமில்லை. அதன் பின்னே நின்று தாங்குவது எதுவோ, அதன் வடிவத்தையே தாள் மரத்தின்மேல் எழுதும். தாங்கி நிற்கும் அப்பொருளை இக்கட்டுரையிலே அணை என்று கூறுவோம். அது மரக்கட்டையாகலாம், தக்கையாகலாம், இறப்பராகலாம், பொறியின் உருளையாகலாம், வெறுங்கையும் ஆகலாம். வளைவான விளிம்புக்குத் தேய்கருவி தேர்தல் என்பது, உண்மையிலே, அணை தேர்தலேயாகும்.

அணை வன்மையும் மென்மையும் என இருவகைப்படும். வன்மையான அணை மேடுகளை மாத்திரந் தொட்டுக் குறைக்கும், பள்ளத்தைத் தீண்டாது. ஆதலால் அது வடிவத்தைத் திருத்தும். மென்மையான அணை மேட்டிலும் பள்ளத்திலும் ஒப்பப் படியும். ஆதலால் அது வடிவத்தைத் திருத்தாது; உள்ள வடிவத்தின் மேற்றோலை மாத்திரம் மெருகூட்டும். வளைவிலே வாளின் தடமும் உளியின் தடமும் இருக்கும்வரை வன்மையான அணை வேண்டும். அவை நீங்கியபின் மென்மையானது வேண்டும். இம்முறையை மாற்றுவோர் பள்ளத்தையும் மேட்டையும் பளபளப்பாக்குவரே அன்றி, வளைவைச் செம்மையாக்கார்.

குவிவும் குழிவும்

வளைவு குவிவு, குழிவு என இருவகைத்து. வட்ட மேசையின் விளிம்பு குவிந்தது. பிறைபோல் உள்வாங்கியது குழிந்தது. நாற்காலியின் கைபோன்று இரண்டும் அடுத்தடுத்து வருவனவும் உள. தேய்க்கத் தொடங்குமுன் குவிவு குழிவாகத் திரும்பும் இடத்தைப் பென்சிலாற் குறித்துக்கொள்க. அவ்விடத்திலே கருவி மாறவேண்டும்.

குவிந்த விளிம்புக்குத் தட்டையான அணையே பொருந்தும் என்றாற் சிலர் வியப்பர். தட்டையான கட்டை குவிவை எப்பொழுதும் ஒரு சிறிய இடத்திலேயே தொடும். அதனை ஓரிடத்தில் நிறுத்தித் தேய்த்தால் அங்கே தட்டை விழும். விளிம்பின் வழியே வளைவைத் தொடர்ந்து தவழவிட்டால் விழாது. இதனினும் சிறந்தது வளையக்கூடிய நீண்ட அணை. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகைச் சட்டத்திலே தாளை ஒட்டி, இருமுனையையும் பிடித்து மெல்ல வளைத்துத் தேய்க்கலாம். நீளமானதாகையால் அது சிறு பள்ளங்களின்மேற் பாலம்போல் நின்று மேடுகளை மாத்திரம் உண்ணும். முழு வளைவும் ஒரே ஓட்டமாய் அமையும்.

நாற்காலிக் கால் போன்ற உருண்ட உறுப்புக்களுக்கு வேறொரு வழி உண்டு. துணியில் மணி ஒட்டிய தாளை ஒடுங்கிய நாடாவாகக் கிழித்து உறுப்பின்மேற் போட்டு, பாதணிக்கு மெருகிடுவோன் துணியை இழுப்பதுபோல இருகையாலும் மாறிமாறி இழுக்க வேண்டும். பலகையின் விளிம்பிலே இம்முறை ஆகாது. இருபுறத்து ஓரங்களும் மழுங்கிவிடும்.

குழிவிலேதான் பிழை மிகுதியாக நேரும். இங்கே தட்டையான கட்டை இருமுனைகளாலும் இடித்து நிற்கும், நடுவைத் தொடாது. உருண்ட அணை வேண்டும். அதன் பருமன் எவ்வளவு என்பதே வினா. விதி எளியது: அணையின் ஆரை குழிவின் ஆரையினும் சிறிதளவே குறைந்திருத்தல் வேண்டும். குழிவின் ஆரை 40 மில்லிமீற்றர் என்க. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையின் ஆரை 50. அது குழிவிற் படியாது. 13 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லுருளை உள்ளே புகும். ஆயினும் கை நின்ற இடமெல்லாம் ஒவ்வொரு வாய்க்கால் தோண்டி, விளிம்பை அலையலையாக்கும். 76 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையின் ஆரை 38. அதுவே அக்குழிவுக்கு உரியது. குழிவின் ஆரை இடத்துக்கிடம் வேறுபடுமாயின், மிகக் குறுகிய இடத்தைக் கொண்டே உருளையைத் தேர்க.

இவ்வுருளையைக் கடையிலேதான் வாங்கவேண்டும் என்பதில்லை. நீர் செல்லும் பி.வி.சி. குழாயின் வெட்டுத்துண்டு, மண்வெட்டிப் பிடியின் முறிந்த துண்டு, கடைந்தெடுத்த மரக்குற்றி, எதுவாயினும் ஆரை பொருந்தினால் தாளைச் சுற்றிக்கொண்டு தேய்க்கலாம். உருளையை நேரே முன்பின் தள்ளாது, சிறிது சாய்வாக, வளைவின் வழியே நகர்த்தித் தேய்த்தால் வாய்க்கால் விழாது.

எல்லாவற்றினும் பொருத்தமான அணை ஒன்று தச்சன் காலடியிலே கிடக்கின்றது. வளைவை அறுத்தபோது கழிந்து விழுந்த துண்டே அது. குழிவிலிருந்து கழிந்தது குவிந்திருக்கும். குவிவிலிருந்து கழிந்தது குழிந்திருக்கும். வாளின் தடிப்பளவு இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. துண்டின்மேல் ஒட்டும் தாளின் தடிப்பு அதனைப் பெரிதும் ஈடுசெய்யும். வாள் விட்ட மேடுபள்ளத்தை மாத்திரம் அத்துண்டிலே முதலில் நீக்கிக்கொள்ளல் வேண்டும். அவ்வளவிலே, அந்த வளைவுக்கென்றே பிறந்த கருவி ஒன்று செலவின்றிக் கைக்கு வரும். விறகென்று எறிவதற்குமுன் ஒருகணம் எண்ணுக.

ஓரத்தைக் காத்தல்

பலகையின் விளிம்பு அதன் முகத்தோடு செங்கோணமாய் நிற்றல் வேண்டும். கையிலே பிடித்த அணை ஒருபுறஞ் சாய்வது இயல்பு. விளிம்பு ஒடுங்கியதாயின் சாய்வு மிகும். இரண்டு கைகள், இரண்டு கால்கள் என இணையாக வரும் உறுப்புக்களை ஒன்றன்மேலொன்று வைத்து இறுக்கிப் பிடித்துச் சேர்த்துத் தேய்த்தால் இருநன்மை உண்டு. விளிம்பு இருமடங்கு அகலமாவதால் அணை சாயாது; இரண்டும் ஒரே வடிவாகவும் அமையும். ஓரத்தை மழுக்கவேண்டுமாயின் அதனை இறுதியிலே, நினைந்து, ஒரே அளவாக மழுக்குக. தானாக மழுங்கியது ஒருபோதும் ஒரே அளவாயிராது.

பொறிகளின் இயல்பு

மின்சாரப் பொறிகளும் இந்த விதிக்குள் அடங்குவனவே. அவற்றின் பெயரால் மயங்காது அணையைப் பார்க்க. சுழலும் தட்டுப் பொறியின் அணை வன்மையான தட்டை. ஆதலின் அது குவிவுக்கு மாத்திரம் உதவும். பட்டைப் பொறியின் நடுப்பகுதியும் அத்தகையதே. அதன் முனையிலுள்ள உருளை, தன்னினும் பெரிய குழிவிலே புகும். கையிலே பிடித்துத் தேய்க்கும் வட்டப் பொறி சுழற்சியோடு அதிர்வுஞ் சேர்ந்தது. தட்டையான முகத்துக்கு மிக நன்று. விளிம்பிலே வைத்தாற் கண்ணிமைப்பொழுதில் ஓரத்தை உண்டுவிடும். தட்டுக்குந் தாளுக்கும் இடையே நுரைமெத்தை ஒன்றை வைத்தால் மெல்லிய வளைவிற் படியும். ஆயினும் அது மெருகுக்கே அன்றி வடிவுக்கு ஆகாது.

வளைந்த விளிம்புக்கென்றே அமைந்தது நின்றுசுழலும் உருளைப் பொறி. மேசையின் நடுவே செங்குத்தாக நிற்கும் உருளை சுழன்றுகொண்டே மேலுங் கீழும் அசையும். அவ்வசைவினாலே மணிகளின் கீறல் ஒரே வரியில் விழாது; தாளும் ஒரேயிடத்தில் தேயாது. பலகை மேசையிலே கிடப்பதால் விளிம்பு செங்கோணம் மாறாது. பல பருமனுள்ள உருளைகளை மாற்றி மாற்றிப் பூட்டலாம். பலகையை உருளை சுழலுந் திசைக்கு எதிராகத் தள்ளவேண்டும். அதே திசையில் தள்ளினால் உருளை பலகையைப் பறித்தெறியும். நில்லாமல் நகர்த்துக, நின்ற இடத்தில் ஒரு பள்ளமும் எரிந்த கறுப்புந் தோன்றும்.

துளையிடும் நிலைப்பொறியிலே உருளையைப் பூட்டியும் இவ்வேலையை ஓரளவு செய்யலாம். கைத்துளைப்பொறியிலே பூட்டி, கைப்பிடியிலேயே தேய்ப்பது இடர்மிக்கது, உருளை துள்ளும், செங்கோணம் கெடும். வீணைக் குடம் போன்று எத்திசையிலும் வளைந்த வடிவுக்கு இப்பொறிகள் ஒன்றும் ஏற்றனவல்ல. அங்கே நுரையணையும் உள்ளங்கையுமே கருவிகள்.

இரேகையின் திருவிளையாட்டு

கருவி சரியாயிருந்தும் வட்டம் வட்டமாய் முடியாதது ஏன் என்று மாணாக்கர் வினவுவதுண்டு. விடை மரத்தினுள்ளே உள்ளது. ஒரு பலகையிலே வட்டம் அறுத்தால், அதன் விளிம்பில் எதிரெதிரே இரண்டிடங்களில் இரேகை விளிம்பின் நீளத்துக்கு ஓடும். வேறிரண்டிடங்களில் இரேகையின் வெட்டுமுனை வெளித்தோன்றும். வெட்டுமுனை கடிது, மெதுவாகவே தேயும். மற்றைய இடங்கள் விரைந்து தேயும். எங்கும் ஒரேயளவு தேய்த்தால் வட்டம் நீள்வட்டமாகும். ஆதலாற் கை எண்ணிக்கையை நம்பாது, குறித்த கோட்டை நம்புக. வெட்டுமுனை சாயத்தையும் மிகுதியாகக் குடித்துக் கறுக்கும். அவ்விடங்களை மாத்திரம் மற்றையவற்றினும் ஒருபடி நுண்ணிய தாளால் முடித்தால் நிறம் ஒத்துவரும்.

தாளின் இலக்கம் கூடக்கூட மணி நுண்ணிதாகும். 80 ஆம் இலக்கத் தாளின் மணி ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 120 ஆம் இலக்கத்தின் மணி எட்டில் ஒரு பங்கு. 80, 120, 180, 220 என்று படிப்படியாக ஏறுதல் நன்று. ஒவ்வொரு தாளும் முன்னையது விட்ட கீறலைப் போக்குதற்கே உள்ளது. இடைப்படியைத் தாண்டுவோர்க்குக் கீறல், மெருகெண்ணெய் பூசியபின் வெளிப்பட்டு நிற்கும். வளைவுகளுக்குத் தடித்த தாள் ஆகாது. வளைக்கும்போது வெடித்து மரத்தைக் கீறும். மெல்லிய தாளோ, நெகிழுந் துணித்தாளோ கொள்க.

ஒன்று மறக்கலாகாது. தேய்ப்பு இறுதி வேலை; முதல் வேலை அன்று. அரைவட்ட அரம் ஒன்றின் தட்டைமுகம் குவிவுக்கும் வளைமுகம் குழிவுக்கும் உதவும். இருபுறமும் பிடியுள்ள சிறு சீவுளியும், மெல்லிய உருக்குச் சுரண்டுதகடும் வடிவத்தை முடித்துத் தந்தால், தாளுக்கு மிஞ்சுவது சிறிதே. கரடுமுரடான தாளால் வடிவஞ் செய்ய முயல்வது, இலக்கணம் அறியாதான் ஒருவன் எழுத்தழகினாலே வாக்கியப் பிழையை மறைக்க முயல்வது போலாம்.

வளைவு முடிந்ததோ என்று அறிதற்கு மூன்று சோதனைகள் உண்டு. விளிம்பெங்கும் பென்சிலால் மெல்லக் கிறுக்கி, வன்மையான அணையால் சிலமுறை தேய்க்க. கிறுக்கல் எஞ்சிய இடம் பள்ளம். விளக்கைப் பக்கவாட்டிலே தாழ வைத்துப் பார்க்க. மேட்டின் நிழல் காட்டிக்கொடுக்கும். இறுதியாகக் கண்ணை மூடி விரல்களை வளைவின் வழியே ஓடவிடுக. கண் காணாத மேட்டையும் விரல் காணும். பொறியால் முடித்த வேலைக்கும் விரலே நடுவர்.

தூள் என்னும் பகை

தேய்ப்பிலே பறக்கும் நுண்தூளைத் தொழிலின் மணம் என்று எண்ணி மூச்சிழுத்தவர் பலர். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இலே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பனவற்றின் வகுப்பிலே சேர்த்தது. மூக்கின் உட்குழிகளே பெரிதும் பாதிக்கப்படுவன. நம் முதிரையின் தூள் சிலருக்குத் தோலழற்சியையும் உண்டாக்கும். பொறி விரைவாகத் தேய்ப்பதால் தூளும் மிகுதி. ஆகவே பொறி வாங்குவோர் தூளை உறிஞ்சும் வாயிலும் அதற்குண்டோ என்று பார்த்தே வாங்குக. நுண்தூள் தடுக்கும் முகக்கவசமும், காற்றோடும் இடமும், பொறியின் விலையோடு சேர்த்தெண்ணவேண்டிய செலவுகளாம். வேட்டித் துண்டால் மூக்கைக் கட்டுதல் காப்பாகாது.

முடிவாக, கையிலே சிறிது பணமுள்ள இளைஞர் எதனை வாங்குவது? முதலில் நல்ல அரைவட்ட அரம் ஒன்றும், தக்கைக் கட்டை ஒன்றும், நான்கு இலக்கத்துத் தாள்களும் வாங்குக. அணைகளைத் தாமே செய்க. கழிவுத் துண்டுகளைச் சேர்த்து வைக்க. ஒரே வடிவான வளைவுகள் பத்து, இருபது என்று செய்யவேண்டிய வேலை வந்து, கை களைக்கும் நாளிலே நின்றுசுழலும் உருளைப் பொறியைப் பற்றி எண்ணுக. அந்நாளிலே எந்த உருளை எந்தக் குழிவுக்கு என்பதனை எவரையுங் கேட்க வேண்டியிராது. தேய்த்த கைகளே கற்றிருக்கும். அவ்வறிவில்லாதான் கையிலே பொறி, வளைவைக் கெடுக்கும் வேகத்தை மாத்திரமே கூட்டும்.

வளைவு தனக்கு வேண்டிய கருவியைத் தானே சொல்கின்றது. கேட்கும் பொறுமை உடையவனுக்கு மரம் வசமாகும்.